இரத்த அழுத்தத்தை எது மாற்றுகிறது? அதை ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றி, இரத்த அழுத்தத்தை ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடியும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது. கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தின் இயல்பே அதுதான். மாடிப்படி ஏறினால் கூடும். உறக்கத்தில், பகலில் இருந்ததைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கும். பேச்சு, கோபம், குளிர், நிரம்பிய சிறுநீர்ப்பை, சற்று முன் குடித்த காபி என ஒவ்வொன்றும் அதை அசைத்துவிடும்.

இப்படி ஓரிடத்தில் நில்லாத எண்ணைப் பற்றித்தான் "உப்பைக் குறைத்தால் இவ்வளவு இறங்கும்", "எடையைக் குறைத்தால் இவ்வளவு இறங்கும்" என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒரே நேரத்தில் பத்துக் காரணங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவற்றில் ஒன்றின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? மருத்துவ ஆய்வில் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி இது. ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பதுதான் விடை. ஆனால் அந்த ஒப்பீட்டை நியாயமாகச் செய்வதற்குள் ஆய்வாளர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அளப்பதே பெரிய வேலை

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது தமனிச் சுவரின் மீது ஏற்படும் உச்ச அழுத்தத்தை மேல் எண் சொல்கிறது. இதற்கு சிஸ்டாலிக் அழுத்தம் என்று பெயர். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண், அதாவது டயஸ்டாலிக். 120/80 என்றால், முதலாவது 120 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தை ஏற்றி நிறுத்தும் வலிமை கொண்டது, இரண்டாவது 80 மில்லிமீட்டர் உயரத்துக்கு என்று பொருள்.

முதன்முதலில் இதை அளந்து எழுதிவைத்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். குதிரையின் தமனியில் ஒரு குழாயைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தினார். இரத்தம் எட்டு அடிக்கும் மேலே ஏறி நின்றது. 1733இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். மனிதரிடம் செய்யக்கூடிய காரியமா இது? கையைக் கீறாமல் அளக்கும் வழிக்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் அந்தப் பட்டையோடு ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார்.

அவர் கேட்டதை நாமும் கேட்கலாம். பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் முதலில் ஒன்றும் கேட்காது. தமனி முழுக்க அமுங்கிக் கிடக்கிறது. காற்றை மெல்ல மெல்ல விடும்போது, ஏதோ ஒரு கணத்தில் "தட்" என்று ஒரு தட்டல் கேட்கும். அழுத்தத்தின் உச்சத்தில் மட்டும் இரத்தம் பட்டையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்த ஓசை அது. அந்தக் கணத்தில் காணும் எண்ணே சிஸ்டாலிக். தட்டல்கள் தொடர்ந்து வந்து, மங்கி, மறையும் இடம் டயஸ்டாலிக். தமனி முழுமையாகத் திறந்துகொண்டதும் இரத்தம் ஓசையின்றி ஓடத் தொடங்குகிறது.

கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், அந்தப் பத்து சென்டிமீட்டர் இரத்தத்தின் எடையும் அழுத்தத்தோடு சேர்ந்துகொண்டு ஏழு எட்டு மி.மீ. கூட்டிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அதைவிடவும் கூடுதலாகக் காட்டும். ஓர் உணவு மாற்றத்தால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் ஐந்தாறு மி.மீ. அளவில்தான் இருக்கும். கையைத் தொங்கவிட்ட ஒரே பிழை, மாதக் கணக்கான ஆய்வின் முடிவை விழுங்கிவிடும்.

அளப்பவர் பக்கத்தில் வந்து நிற்பதே எண்ணை மாற்றிவிடும். 1983இல் மிலான் நகர ஆய்வாளர்கள், மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் தமனிக்குள் மெல்லிய குழாயை வைத்து நாள் முழுவதும் அழுத்தத்தைப் பதிவுசெய்தார்கள். பட்டையோடு மருத்துவர் அருகே வந்த சில நிமிடங்களில் சிஸ்டாலிக் அழுத்தம் சராசரியாக 27 மி.மீ. ஏறியது. வேறு எதுவும் நடக்கவில்லை. ஒரு மருத்துவர் வந்தார், அவ்வளவுதான். மருத்துவமனையில் மட்டும் கூடிக் காட்டுவதை "வெள்ளை அங்கி இரத்த அழுத்தம்" என்று அழைப்பது வெறும் வேடிக்கைப் பெயரில்லை என்பது இதிலிருந்து புரியும். இதனால்தான் நல்ல ஆய்வுகளில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, பாதங்களைத் தரையில் பதித்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, பல முறை அளந்து சராசரி எடுக்கிறார்கள். அல்லது இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவியால் இருபத்து நான்கு மணி நேரமும் பதிவுசெய்கிறார்கள்.

பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தவர்கள்

அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்டின் இரத்த அழுத்தம் 1944 மார்ச்சில் 186/108 ஆக இருந்தது. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து அவர் மயங்கி விழுந்தபோது அளந்ததில் 300/190. அன்றே இறந்துபோனார். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவ வசதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மனிதர் அவர். ஆனால் அன்றைக்கு உயர் இரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்துகள் இல்லை. அதைவிட வருத்தமானது, வயதாக ஆக அழுத்தம் கூடுவது உடலின் தேவை, அதைக் குறைப்பதே ஆபத்து என்று மருத்துவர்களில் பலர் நம்பியிருந்ததுதான்.

அந்த நம்பிக்கையை உடைத்தது வாதம் அல்ல, பொறுமை. 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் என்ற சிற்றூரில், 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. யாருக்கும் மருந்து தரவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்குப் பக்கவாதம் வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். பிள்ளைகளும் பின்னர் பேரப்பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். இன்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லும் "ஆபத்துக் காரணி" என்ற சொல்லைப் பரப்பியதே இந்த ஆய்வுதான். 2002இல், 61 ஆய்வுகளைச் சேர்ந்த பத்து லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது படம் இன்னும் தெளிவானது. 40 முதல் 69 வயதுக்காரர்களில், 115/75க்கு மேலே சிஸ்டாலிக் ஒவ்வொரு 20 மி.மீ. கூடும்போதும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

அழுத்தம் கூடினால் ஆபத்து கூடுகிறது என்பதை இப்படிக் கவனித்தே அறியலாம். அழுத்தத்தைக் கூட்டுவது எது என்பதை? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடி, 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வை எடுத்துக்கொள்வோம். 32 நாடுகள், 52 இடங்கள், 10,079 பேர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் மறந்துவிடுவார்கள், குறைத்தும் சொல்வார்கள். அதனால் ஆய்வாளர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேகரித்தார்கள். உண்ட உப்பின் சோடியத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. பிரேசில் காடுகளில் வாழும் யனோமாமி மக்களிடம் சோடியம் இல்லை என்றே சொல்லிவிடலாம் என்னும் அளவுக்குக் குறைவாக இருந்தது. அவர்களுடைய சராசரி இரத்த அழுத்தம் ஏறத்தாழ 95/61. வயது கூடியும் அது ஏறவே இல்லை.

உப்பின் கதை இத்தோடு முடிந்ததா? இல்லை. யனோமாமி மக்கள் ஒல்லியானவர்கள். நாள் முழுவதும் நடப்பவர்கள். அவர்களுடைய வாழ்க்கையே நகரத்து வாழ்க்கையிலிருந்து எல்லா வகையிலும் மாறுபட்டது. குறைந்த அழுத்தத்துக்கு உப்பின்மை காரணமா, எடையா, உழைப்பா? இப்படி ஒரு காரணத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து கணக்கைக் குழப்பும் மற்றொரு காரணத்தைக் குழப்பக் காரணி என்கிறார்கள். நிறையக் குடிப்பவர்களில் பலர் புகைக்கவும் செய்வார்கள். தினமும் உடற்பயிற்சி செய்பவர்கள் உணவிலும் கவனமாக இருப்பார்கள். கணிதத்தால் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் அளந்த காரணியைத்தான் சரிசெய்ய முடியும். நாம் நினைத்தே பார்க்காத ஒன்று மறைந்திருந்தால் கணிதம் என்ன செய்யும்?

குலுக்கிப் போடுவதன் பயன்

இதற்குக் கிடைத்த விடை எளிமையிலும் எளிமை: சீட்டுக் குலுக்கிப் போடுவது. ஐந்நூறு பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தால், பருமனானவர்கள், புகைப்பவர்கள், கவலைப்படுபவர்கள், மரபணுவில் ஏதோ ஒன்றைச் சுமப்பவர்கள் என எல்லோரும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். நமக்குப் பெயரே தெரியாத காரணிகளும் அப்படியே சமமாகிவிடும். அதன்பிறகு ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், வேறுபாட்டுக்கு அந்த ஒன்றே காரணம் என்று துணிந்து சொல்லலாம். அறியாததையும் சமன்செய்யும் இந்த உத்தியை, மனித அறிவு கண்டுபிடித்த மிக நேர்த்தியான கருவிகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இதை உணவில் செய்து காட்டியது 1997இல் வெளியான டாஷ் ஆய்வு. 459 பேர். "காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்" என்று அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியாது. அதனால் ஆய்வுக் கூடமே சமைத்துப் போட்டது. வார நாள்களில் ஒரு வேளை அங்கேயே வந்து சாப்பிட வேண்டும். மீதி வேளைகளுக்கான உணவைக் கையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் அமெரிக்கர்கள் வழக்கமாக உண்ணும் உணவு. பிறகு குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள்: ஒன்றுக்கு அதே உணவு, இன்னொன்றுக்குப் பழமும் காய்கறியும் கூடுதல், மூன்றாவதற்கு அவற்றோடு கொழுப்புக் குறைந்த பால் பொருள்களும், குறைக்கப்பட்ட நிறைவுற்ற கொழுப்பும். இப்படி எட்டு வாரம்.

இந்த ஆய்வில் மாற்றாமல் வைத்தவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மூன்று குழுவுக்கும் உப்பின் அளவு ஒன்றே. யாருடைய எடையும் கூடாமலும் குறையாமலும் இருக்க உணவின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எடை இறங்கினாலே அழுத்தமும் இறங்கும், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மி.மீ. என்ற அளவில். அது நடந்திருந்தால் உணவின் தரத்தால் இறங்கியதா எடையால் இறங்கியதா என்ற பழைய குழப்பம் திரும்பி வந்திருக்கும். கடைசியில், வழக்கமான உணவை உண்ட குழுவோடு ஒப்பிட்டால் மூன்றாவது குழுவின் அழுத்தம் 5.5/3.0 மி.மீ. குறைந்திருந்தது. ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களில் 11.4/5.5. ஒரு மாத்திரையின் பலனுக்கு இணையானது இது. அதுவும் இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது.

உப்பை அடுத்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2001இல் வெளியான அதில், ஒவ்வொருவரும் அதிகம், நடுத்தரம், குறைவு என மூன்று உப்பு அளவுகளையும் ஒரு மாதம் ஒரு மாதமாக உண்டார்கள். ஒரே மனிதரை அவரோடேயே ஒப்பிடும் முறை. வழக்கமான உணவை உண்டவர்களுக்கு, அதிக உப்பிலிருந்து குறைந்த உப்புக்கு வந்தபோது சிஸ்டாலிக் 6.7 மி.மீ. இறங்கியது. டாஷ் உணவை, அதாவது முந்தைய ஆய்வில் மூன்றாவது குழு உண்ட உணவை, உண்டவர்களுக்கு அதே மாற்றத்தால் 3.0 மி.மீ. மட்டுமே. அதாவது "உப்பைக் குறைத்தால் எவ்வளவு இறங்கும்?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. தட்டில் உப்போடு வேறென்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது.

பகடையும் போலிச் சிகிச்சையும்

ஒப்பிடக் குழுவே இல்லாமல், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. நூறு பகடைகளை உருட்டுங்கள். ஆறு விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள். அவற்றின் மீது ஏதாவது மந்திரம் சொல்லிவிட்டு மறுபடியும் உருட்டுங்கள். சராசரி ஆறிலிருந்து மூன்றரை அளவுக்கு இறங்கியிருக்கும். மந்திரம் பலித்துவிட்டதா?

இரத்த அழுத்தத்திலும் இதேதான் நடக்கிறது. ஒரு நாள் 160க்கு மேல் காட்டியவர்களை மட்டும் ஆய்வுக்குச் சேர்த்தால், அவர்களில் பலரும் அன்றைக்குத் தற்செயலாக உச்சத்தில் இருந்தவர்கள். ஒரு மாதம் கழித்து அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கியிருக்கும். இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். ஆய்வில் சேர்ந்துவிட்டோம் என்ற எண்ணத்தில் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவது, அளக்கும் இடம் பழகிப் பதற்றம் தணிவது, நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இது எவ்வளவு பெரிய பொறி என்பதைச் சிறுநீரக நரம்புச் சிகிச்சை காட்டியது. தமனிக்குள் கம்பி போன்ற கருவியைச் செலுத்தி, சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பிழைகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது அந்தச் சிகிச்சை. தொடக்க ஆய்வுகளில் சிஸ்டாலிக் 30 மி.மீ. அளவுக்கு இறங்கியது, உலகமே வியந்தது. பிறகு 535 பேரைக் கொண்டு ஒரு கடுமையான ஆய்வு செய்தார்கள். எல்லோருக்கும் அரைமயக்கம் தந்து, கண்ணைக் கட்டி, தமனியில் குழாய் செலுத்திப் படம் எடுத்தார்கள். ஆனால் ஒரு பகுதியினருக்கு நரம்பைச் சுடவில்லை. தமக்கு நடந்தது எது என்று யாருக்கும் தெரியாது. முடிவு 2014இல் வெளிவந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 14.1 மி.மீ. இறங்கியிருந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு? 11.7. இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவே.

ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. கருவியையும் செய்முறையையும் திருத்தி, அப்போதும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு நடத்திய பிந்தைய ஆய்வுகளில் சிறிய, ஆனால் உண்மையான பலன் தெரிந்தது. 2023இல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. பெரிய பொய்யை விலக்கிய பிறகே சின்ன உண்மை கண்ணில் பட்டது. பயனில்லாத ஒன்றுக்காகத் தமனியில் குழாயை ஏற்றுக்கொண்ட அந்தப் போலிக் குழுவினருக்கு, நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

எண் இறங்கினால் உயிர் பிழைக்குமா?

மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது வேறு. அதனால் மனிதர் பிழைக்கிறார் என்பது வேறு. இரண்டாவதை முதலில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃபிரைஸ். 1967இல் வெளியான அவருடைய ஆய்வில், டயஸ்டாலிக் 115 முதல் 129 வரை இருந்த 143 முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்குப் போலி மாத்திரை. போலி மாத்திரைக் குழுவில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள். அவர்களில் நால்வர் இறந்தார்கள். மருந்துக் குழுவில் பாதிப்பு இருவருக்கு மட்டுமே, இறப்பு இல்லை. உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து தருவதா வேண்டாமா என்ற நெடுங்கால விவாதத்தின் திசையை அந்த எண்கள் மாற்றின. இன்று மருந்துச் சீட்டோடு வெளியே வரும் ஒவ்வொருவரும் அந்த நான்கு பேரை ஒரு கணமாவது நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெரிய வேறுபாடு இப்போதெல்லாம் அரிது. 2021இல் வெளியான சீன ஆய்வில், 600 சிற்றூர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதி ஊர்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். மொத்தம் 20,995 பேர், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். சிஸ்டாலிக் மூன்று மி.மீ. சொச்சம்தான் இறங்கியது. ஆனால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் சுமார் 34 ஆக இருந்த பக்கவாத எண்ணிக்கை 29 ஆனது. செய்திகளில் முதல் வகை எண்ணே வரும். இரண்டாவதையும் தேடிப் பாருங்கள். அப்போதுதான் அளவு பிடிபடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது.

எந்த முறையில் அளந்த எண் என்பதையும் கேட்க வேண்டும். 2015இன் ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேர் இருந்தார்கள். சிஸ்டாலிக்கை 140க்குக் கீழே வைப்பதைவிட 120க்குக் கீழே கொண்டுவந்தால் இதயப் பாதிப்புகள் கால் பங்கு குறைகின்றன என்று தெரிந்து, ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அதே குழுவில் சற்றுக் கூடுதலாக இருந்தன. அங்கே அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால் அளந்தார்கள். பல இடங்களில் பணியாளர்கூட அறையில் இல்லை. அவசரமாக ஓடிவந்து, பேசிக்கொண்டே அளக்கும் 120உம் அந்த 120உம் ஒன்றல்ல.

இத்தனை ஆய்வுகளும் சராசரியைத்தான் சொல்கின்றன. உங்கள் உடல் அந்தச் சராசரிக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். அதை அறிய வீட்டிலேயே வழி இருக்கிறது. மேற்கைக்குப் பொருத்தமான அளவில் பட்டை உள்ள கருவியால் ஏழு நாள், காலையும் மாலையும், ஐந்து நிமிட அமைதிக்குப் பிறகு இரண்டிரண்டு முறை அளந்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் சோதனைக்காக அதை நிறுத்த வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். ஏறிக் காட்டிய எண்களை மட்டும் அடித்துவிடாதீர்கள்.